எட்டாம் மாடிக்கு ஒரு சாப்பாடு

ஆகஸ்ட் 4, திங்கள்

காலை ஏழு மணிக்கு மது கூப்பிட்டாள். நிச்சயதார்த்தத் தேதி முடிவாகிவிட்டது. முப்பதாம் தேதி, சனிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் முடிகிறது. அதற்குப் பிறகு, பன்னிரண்டுக்குள் தட்டு மாற்ற வேண்டும்.

மாப்பிள்ளை வீடு கோயம்புத்தூர். நாங்கள் வேலூர். மதுவும் அந்தப் பையனும் வேலை பார்ப்பது சென்னையில். யாரும் யார் வீட்டுக்கும் போக வேண்டாம், சென்னையில் ஒரு ஹோட்டலில் வைத்துக்கொள்ளலாம் என்று இருவருமே முடிவு செய்திருக்கிறார்கள். வெள்ளி மாலை போய் ஞாயிறு காலை திரும்புவது. ஏற்பாடு என் பொறுப்பு. நாற்பத்திரண்டு வயதானவனைப் பையன் என்று எழுதுவது சரியில்லை. நந்தகோபால்.

மது என் ஒரே மகள். முப்பத்தெட்டு வயது. ஆர்க்கிடெக்ட். அவளுக்குப் பன்னிரண்டு வருடம் வரன் பார்த்தோம். கடைசியில் அவளே பார்த்துக்கொண்டாள். அவள் அப்பா இதைப் பார்க்காமல் போய் மூன்று வருடம் ஆகிறது. ஆகவே முப்பதாம் தேதி நான் இரண்டு பேருக்கும் சேர்த்து அவள் பக்கத்தில் நிற்பேன். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். புடவையை இப்போதே எடுத்து வைத்துவிட்டேன். சாம்பல் பச்சை, ஒற்றை விரல் கரை.

எண்ணிக்கை: அவர்கள் பதினான்கு. நாங்கள் ஒன்பது, என்னையும் சேர்த்து. மொத்தம் இருபத்து மூன்று.

ஆகஸ்ட் 6, புதன்

ஹோட்டலில் விருந்துகளைக் கவனிப்பவர் பெயர் பிரதீபன். நல்ல குரல். ஆனால் கேட்ட கேள்வியை விட்டுவிட்டுக் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறார்.

"பார்க்கிங் பத்திக் கவலையே படாதீங்க மேடம். வாசல்ல சாவியைக் குடுத்துட்டு நீங்க பாட்டுக்கு உள்ள போயிடலாம். எங்க ஆளுங்க நிறுத்திடுவாங்க."

"முன்பின் தெரியாதவங்க கையில சாவி குடுக்கற பழக்கம் எங்க வீட்ல இல்ல. எங்க டிரைவரே நிறுத்துவார். பேஸ்மென்ட் உயரம் எவ்வளவு?"

"பெரிய வண்டியெல்லாம் தாராளமா போகும் மேடம்."

"நான் கேட்டது உயரம்."

பத்து நிமிடம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டுச் சொன்னார்: ஆறடி ஒன்பது அங்குலம். டிரைவர் தன்ராஜை டேப் எடுத்து வரச் சொல்லி, மேலே இருக்கும் கேரியரோடு நம் காரை அளக்கச் சொன்னேன். ஆறடி ஐந்து. போதும். டிரைவர்களுக்குத் தனியாக ஓய்வறையும் சாப்பாட்டு டோக்கனும் உண்டாம்.

விருந்து பஃபே என்றார். தட்டை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்பதை நான் கான்வென்ட் போர்டிங்கோடு விட்டுவிட்டேன் என்றேன். இலை போட்டு, உட்கார வைத்து, பரிமாற வேண்டும். ஹாலில் கார்ப்பெட் இருக்கிறதே என்றார். சுருட்டச் சொன்னேன்.

ஒரே நீள மேசை, எதிரெதிராக. மது நடுவில். அவளுக்கு இடப்பக்கம் நான். ஒரு தாளில் வரைந்து பெயர்களை எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மாப்பிள்ளையின் அம்மா சௌந்தரம் பேசினார். மரியாதையான பேச்சு. சமையல்காரர் முதல் என் மூட்டுவலி வரை விசாரித்துவிட்டுக் கேட்டார்:

"ஏனுங்க சம்பந்தியம்மா, தட்டு மாத்தறதுக்கு உங்க பக்கம் யாருங்க நிக்கறது?"

"அவர் இல்லையே. முறைப்படி என் தம்பியும் அவன் சம்சாரமும் நிக்கட்டும்" என்றேன்.

இதைச் சொல்ல வேண்டியது என் மரியாதை. 'பெத்தவங்க நீங்க இருக்கையில அவங்க எதுக்கு' என்று சொல்ல வேண்டியது அவர் மரியாதை. நான் இன்னொரு தடவை மறுத்துவிட்டுப் பிறகு ஒத்துக்கொண்டிருப்பேன். வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிடச் சொன்னால் முதலில் வேண்டாம் என்பார், இரண்டாம் முறை சொன்னால் உட்காருவார். எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

"அப்படியே செஞ்சுக்கலாமுங்க" என்றார் அவர். "இதை எப்படிக் கேக்கறதுன்னு எனக்கு ஒரே சங்கடமா இருந்துச்சுங்க. நீங்களே சொல்லிப்போட்டீங்க. பெரிய மனசுங்க உங்களுக்கு."

கோயம்புத்தூரில் வழக்கம் வேறாக இருக்கலாம். தட்டைப் பிடிப்பது யார் என்பது பெரிய விஷயமில்லை. நான் பக்கத்தில் நிற்கப் போகிறேன்.

ஆகஸ்ட் 9, சனி

தம்பியிடம் சொன்னேன். அவன் சம்சாரம் வனஜா என்ன புடவை என்று அப்போதே கேட்டாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மது இன்று ஹோட்டலுக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். அறைகளைத் தேர்ந்தெடுத்தாயிற்று, சாப்பாட்டு விஷயத்தையும் ஒரு தரம் பேசிவிட்டாளாம். "இனிமே நீங்க அலட்டிக்க வேண்டாம்மா."

எல்லோருக்கும் இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி. எனக்கு மட்டும் எட்டு.

"ஹால் முதல் மாடின்னு பிரதீபன் சொன்னாரே" என்றேன்.

"எட்டுல சத்தமே இருக்காதும்மா. நீங்க நிம்மதியா ரெஸ்ட் எடுக்கலாம். லிஃப்ட்தான் இருக்கே."

வேலைக்கு நடுவில் என் தூக்கத்தை நினைத்திருக்கிறாள். இந்தக் காலத்தில் எத்தனை பிள்ளைகள் நினைக்கிறார்கள்.

புடவை எடுத்து வைத்ததைச் சொன்னேன். "ஓ" என்றாள். பிறகு சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி ஒன்று. சௌந்தரம் மறுபடி பேசினார்.

"எங்க பெரிய நாத்தனாருங்க. எம்பத்திரண்டு வயசு. பழைய காலத்து மனுசி. எனக்கு இதெல்லாம் ஒண்ணுமே இல்லீங்க சம்பந்தியம்மா. ஆனா அவிய ஹாலுக்குள்ள நுழையறப்ப எதிர்ல... உங்களுக்குச் சொன்னாப் புரியுமுங்க."

"புரியுது. நான் வாசல்ல நிக்கல. பின்வரிசையில உட்கார்ந்துக்கறேன்."

இந்த இடத்தில் அவர் பதறியிருக்க வேண்டும். பதறவில்லை.

"வீடியோ எடுக்கறாங்கங்க. அது ஹாலைச் சுத்திச் சுத்தி எடுக்குமாட்ட இருக்குதுங்க. பின்வரிசைன்னாலும் விழுகுமுங்க. அப்புறம் ஊர்ல போட்டுப் பார்க்கறப்ப நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க."

அடுத்து நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அப்படின்னா நான் ரூம்லயே இருந்துடறேன்" என்றேன். கோபமாகச் சொல்லவில்லை, என் குரலை நான் அறிவேன். எந்தப் பெண்ணும் இன்னொரு பெண்ணிடம் சரி என்று சொல்ல முடியாத ஒன்றைச் சொன்னேன். அதோடு பேச்சு முடிந்து, நான் இருக்க வேண்டிய இடத்துக்குத் திரும்பிவிடும் என்று நினைத்தேன்.

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. இரண்டு விசில்.

"உங்க இஷ்டமுங்க" என்றார் சௌந்தரம். "கும்பிட்டுக்கறனுங்க."

ஆகஸ்ட் 18, திங்கள்

பீரோவை அடுக்கினேன். மழை வரும்போல் இருந்தது, வரவில்லை.

தையல்நாயகி அக்காவை ஏனோ நினைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரருக்கு மூத்தவர். முப்பத்தொரு வயதில் கணவனை இழந்து வந்து, எங்களோடு இருபத்தாறு வருடம் இருந்து, இங்கேயே போனார். எங்கள் வீட்டில் யாரும் அவரை எதிலிருந்தும் ஒதுக்கியதில்லை. விசேஷ நாட்களில் ஸ்டோர் ரூம் சாவி அவரிடம்தான். மதுவுக்குக் காது குத்தியபோது நூற்றிருபது பேர். அரிசி, பருப்பு, வெற்றிலை, எல்லாவற்றையும் அளந்து எடுத்துக் கொடுத்தவர் அவர். பந்தி தொடங்குவதற்கு முன்பே அவருக்கு ஓர் இலையை நானே உள்ளே அனுப்பினேன்.

அவரேதான் சொன்னார். "நான் இங்கயே இருந்துக்கறேன் வசுமதி." நான், "உங்க இஷ்டம் அக்கா" என்றேன்.

அவருக்கு அது பிடித்திருந்தது. சிலருக்குக் கூட்டம் ஒத்துக்கொள்ளாது.

ஆகஸ்ட் 21, வியாழன்

மதுவிடம் சொல்வதில்லை என்று தீர்மானித்துவிட்டேன். சொன்னால் இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்பாள். ஒன்பது வயதில், நிறத்தைக் காரணம் காட்டித் தோழியை ஆண்டு விழா நடனத்தில் பின்னால் நிறுத்தினார்கள் என்று, முன்வரிசையில் ஆட இருந்தவள் சலங்கையைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். இப்போது அவளுக்கு முப்பத்தெட்டு. சலங்கையைக் கழற்றும் வயதில்லை. ஆகவே என்னோடு இருக்கட்டும். அன்று காலை தலைச்சுற்றல் என்று சொல்லிவிடுவேன்.

பிரதீபனைக் கூப்பிட்டு இலை எண்ணிக்கை இருபத்து மூன்று இல்லை, இருபத்திரண்டு என்றேன்.

"ஆமா மேடம், அப்படித்தான் வச்சிருக்கோம்" என்றார்.

சொல்வதற்கு முன்பே செய்துவைக்கும் ஆட்கள் அபூர்வம். முதலில் அவரைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன்.

மேசைப் படத்தைத் திரும்ப வரைந்தேன். மதுவுக்கு இடப்பக்கம் வனஜா.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தையல்காரர் ரவிக்கையைக் கொண்டுவந்தார். தோள் சரியில்லை. பரவாயில்லை என்று வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை நான்கு மட்டும் செய்தேன். இரண்டைத் தன்ராஜுக்குக் கொடுத்தேன். பத்தொன்பது வருடமாக வண்டி ஓட்டுகிறான். டயரில் காற்று, எண்ணெய், வைப்பர் எல்லாம் பார்த்தாயிற்று என்றான்.

"அம்மா, நீங்களும் பாப்பாவும் மேடைல நிக்கறப்ப எனக்கு ஒரு ஆள் அனுப்புங்கம்மா. ஓடி வந்து ஒரு போட்டோ எடுத்துக்கறேன். எங்க வீட்ல கேட்டுக்கிட்டே இருக்கா."

"வண்டியை விட்டுட்டு எங்கயும் வரக்கூடாது" என்றேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

மதியம் இரண்டுக்குக் கிளம்பி ஐந்தரைக்குச் சேர்ந்தோம். ஸ்ரீபெரும்புதூருக்கு அப்புறம் ஊர்ந்தோம். தம்பி குடும்பம் பின்னால் அவன் வண்டியில். பேஸ்மென்ட் சரிவில் காவலாளி கையைக் குறுக்கே நீட்டி, "கேரியர் இடிக்கும்" என்றான். நான் கண்ணாடியை இறக்கி, "நாலு அங்குலம் இருக்கு, விடுப்பா" என்றேன். இடிக்கவில்லை. தூண் பக்கம், லிஃப்டுக்கு எதிரே நல்ல இடம் கிடைத்தது.

அறை எண் 812. சுத்தமாக இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே அடுத்த கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டி. சத்தம் இல்லை என்று மது சொன்னது உண்மைதான். எதுவுமே கேட்கவில்லை.

இரவு உணவு கீழே, எல்லோரும் சேர்ந்து. சௌந்தரம் என்னைக் கட்டிக்கொண்டார். பூ வாசனை. நந்தகோபால் எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டான். என் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. கூச்ச சுபாவம் போலிருக்கிறது. பெரிய நாத்தனார் பயணக் களைப்பு என்று அறையிலேயே இருந்துவிட்டார்.

நாளைக்குச் சொல்வதை இன்றே சொல்லிவிடலாம் என்று, "எனக்கு என்னமோ தலை சுத்தற மாதிரி இருக்கு" என்றேன். எனக்கு ஒரு தும்மல் என்றால் மூன்று முறை கூப்பிடுகிற பெண் மது.

"அப்ப நாளைக்கு ரூம்லயே ரெஸ்ட் எடுங்கம்மா" என்றாள்.

பாவம், நாளைய பரபரப்பு அவளுக்கு.

ஆகஸ்ட் 30, சனி

எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன். இப்போது மணி மாலை ஆறு.

காலை எட்டுக்கு மது வந்தாள். அரக்குப் புடவை. நான் கொசுவத்தைச் சரிசெய்து ஊக்குப் போட்டுவிட்டேன். "நீங்க நல்லாத் தூங்குங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் குளித்து, சாம்பல் பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டேன். யாரும் பார்க்காவிட்டாலும் நிச்சயதார்த்தத்துக்கு உடுத்த வேண்டியதை உடுத்தத்தான் வேண்டும். பத்தே முக்கால் வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர்த் தொட்டியில் ஒரு காகம் குளித்தது. அதற்கு மேல் முடியவில்லை.

லிஃப்டில் இறங்கினேன். எங்கே போவது என்று தீர்மானித்திருக்கவில்லை. முதல் மாடியில் யாரோ அழுத்தியிருக்க வேண்டும், கதவு திறந்தது. எதிரே ஹாலின் கதவு. வாழைக்கன்று, தோரணம். பதிவு செய்த நாகஸ்வரம். ஒரு சின்னப் பெண் சந்தனக் கிண்ணத்தோடு நின்று, "உள்ள வாங்க ஆன்ட்டி" என்றாள். நான் பேஸ்மென்ட் பொத்தானை அழுத்தினேன். கதவு மூட நேரமெடுத்தது.

தன்ராஜ் காருக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். துள்ளி எழுந்தான்.

"என்னம்மா? தலை சுத்துதுன்னு வனஜாம்மா சொன்னாங்களே?"

"காத்து வாங்கலாம்னு வந்தேன்."

"இங்க ஏதும்மா காத்து?"

அவன் என் புடவையைப் பார்த்தான். பிறகு பின்கதவைத் திறந்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே துடைத்திருந்த முன்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான்.

பதினொன்று பத்து. இப்போது தட்டு மாற்றுவார்கள் என்று கடிகாரத்தைப் பார்த்தேன். முதுகை நேராக வைத்து உட்கார்ந்தேன். அவள் பிறந்தபோது அவள் அப்பா என்னிடம் சொன்னதை நினைத்துக்கொள்ள முயன்றேன். டீசல் வாடையில் எதுவும் நினைவுக்கு வரவில்லை.

காவலாளி வந்தான். நேற்று கையை நீட்டியவன்தான். "வண்டிக்குள்ள ஆளுங்க உக்காரக்கூடாதுங்க. டிரைவர் ரெஸ்ட் ரூம் அந்தாண்ட இருக்கு."

"யோவ், அவங்க பொண்ணோட அம்மாய்யா" என்றான் தன்ராஜ்.

"எந்தப் பொண்ணு?"

"முதல் மாடில ஃபங்ஷன் நடக்குதுல்ல."

காவலாளி என்னைக் குனிந்து பார்த்தான். "அப்ப இங்க எதுக்கு...?"

தன்ராஜ் துணியை உதறினான். காவலாளி போய்விட்டான். பதினொன்றரைக்கு நான் மேலே வந்தேன்.

பன்னிரண்டு ஐம்பதுக்குக் கதவைத் தட்டினார்கள். பரிமாறுகிற ஆள், பெரிய தட்டில் இலை விரித்து எல்லாம் வைத்துக் கொண்டுவந்திருந்தார். இரண்டு கிண்ணம் பாயசம். ஒழுங்காக வைத்திருந்தார்கள், உப்பு கூட இடது ஓரத்தில்.

"நான் எதுவும் கேக்கலையே" என்றேன்.

"இது ஆர்டர்லயே இருக்கு மேடம். எட்டாம் மாடிக்கு ஒரு சாப்பாடு. மதுவந்தி மேடம் சொன்னது." தட்டின் ஓரத்தில் செருகியிருந்த சீட்டை எடுத்துக் காட்டினார். கையெழுத்துப் போட வேண்டுமாம்.

சீட்டில் இருந்தது: ஹால், இலை 22. அறை 812, சாப்பாடு 1, பாயசம் 2. ஆர்டர் எடுத்த தேதி ஆகஸ்ட் 14.

நான் கையெழுத்துப் போட்டேன். அவர் போன பிறகு இந்த நோட்டை எடுத்துப் பின்னால் புரட்டினேன். நான் சௌந்தரத்திடம் அறையிலேயே இருந்துவிடுகிறேன் என்று சொன்னது பதினேழாம் தேதி. இரண்டு முறை பார்த்தேன். பதினேழுதான்.

சாப்பிட்டேன். உணவை வீணாக்கும் பழக்கம் இல்லை. அவரைக்காயில் காரம் அதிகம்.

நான்கு மணிக்கு மது வந்தாள். கையை நீட்டி மோதிரத்தைக் காட்டினாள். நல்ல மோதிரம், அடக்கமானது. கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சாப்பிட்டீங்களாம்மா? ரெண்டு பாயசம் வைக்கச் சொன்னேனே."

"வச்சிருந்தாங்க. உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

அவள் தெரியாததுபோல் நடிக்கவில்லை. அதை எழுதிவைக்க வேண்டும்.

"அவங்க முதல்ல என்கிட்டதாம்மா கேட்டாங்க. ஜூலையிலயே. நந்து அவங்கம்மாகிட்ட பெரிய சண்டை போட்டான். நான்தான் விடுன்னு சொன்னேன். அம்மாகிட்ட நாம எதுவும் கேக்க வேண்டாம், அவங்களே சொல்லிடுவாங்கன்னேன்."

"நானே சொல்லுவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க எப்பவும் யாரும் கேக்கறதுக்கு முன்னாடியே விட்டுக்குடுப்பீங்க. குடுத்துட்டு, அவங்க வேண்டாம்னு சொல்லணும்னு பாத்துட்டு நிப்பீங்க. சின்ன வயசுலேர்ந்து பாக்கறேனேம்மா."

"அவங்க வேண்டாம்னு சொல்லமாட்டாங்கன்னும் உனக்குத் தெரியும்."

"தெரியும்மா."

ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அவள் மோதிரத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"எனக்கு முப்பத்தெட்டு ஆச்சும்மா. அஞ்சு வீட்ல வந்து பாத்துட்டுப் போனாங்க. ஒவ்வொரு தடவையும் உங்களுக்கு ஏதாவது ஒண்ணு சரியா இருக்காது. ஒருத்தர் காபியை உறிஞ்சிக் குடிச்சார்னு வேண்டாம்னீங்க. இதுக்கு மேல யாரோடயும் மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு இல்லம்மா."

அந்த மனிதர் காபியை உறிஞ்சியது உண்மை. அதற்காக மட்டும் வேண்டாம் என்று நான் சொன்னதாக நினைவில்லை.

"சரி, முகம் கழுவு. மை கலைஞ்சிருக்கு" என்றேன். கழுவிக்கொண்டு போனாள்.

தையல்நாயகி அக்கா ஸ்டோர் ரூமில் சாப்பிட்டாரா என்று நான் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. இலையை அனுப்பியதோடு சரி.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

எட்டரைக்குக் கீழே சாப்பிடப் போனேன். யாரையும் கேட்காமல் மதுவுக்கு இடப்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். வனஜா ஒரு நாற்காலி தள்ளிக்கொண்டாள். யாரும் முகம் சுளிக்கவில்லை. பெரிய நாத்தனார்கூட எதிரே உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சின்ன உருவம், காது கேட்கவில்லை, என்னைப் பார்த்துச் சிரித்தார். இட்லிக்கு இந்த விதியெல்லாம் கிடையாது போலிருக்கிறது.

"நேத்து நீங்க இல்லாம மனசே நெறையலீங்க சம்பந்தியம்மா" என்றார் சௌந்தரம். எல்லோருக்கும் கேட்கும்படி, "அந்த இலை என்ன, பந்தி என்ன, வண்டி நிறுத்தறதுல கூட ஒரு கொறை உண்டுங்களா? தையில கல்யாணத்தையும் இங்கயே வச்சுக்கலாமுங்க. ஏற்பாடெல்லாம் இவியளே பார்க்கட்டும். இவிய மாதிரி யாருக்கு வருமுங்க?" என்றார்.

நந்தகோபால் எழுந்து காபி எடுக்கப் போனான். போனவன் வெகுநேரம் வரவில்லை.

பத்தரைக்கு அறையைக் காலி செய்துவிட்டு வரவேற்புக் கூடத்துக்கு வந்தோம். சௌந்தரம் வீட்டார் வாசலில் வேனில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மதுவைத் தனியாகச் செடித்தொட்டி ஓரமாகக் கூப்பிட்டேன்.

"கல்யாணத்தன்னிக்கு நான் மணவறையில உன் பக்கத்துல நிக்கணும். மரியாதைக்குச் சொல்லல. கேக்கறேன்."

"பாக்கலாம்மா."

"அது பதில் இல்ல. உண்டு, இல்லை, ரெண்டுல ஒண்ணு சொல்லு."

வாசலைப் பார்த்தாள். சௌந்தரம் நாத்தனாரைக் கைத்தாங்கலாக வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார். மது என்னிடம் திரும்பினாள். அவள் கண் கலங்கியிருந்தது. குரல் கலங்கவில்லை.

"இல்லம்மா" என்றாள். "வேண்டாம்மா."

"சரி" என்றேன்.

அந்த நேரத்தில் பிரதீபன் கையில் ஃபைலோடு சிரித்துக்கொண்டே வந்தார். குரலை வைத்து வயதானவர் என்று நினைத்திருந்தேன், முப்பதுதான் இருக்கும். நேராக என்னிடம் வந்தார்.

"மேடம், தை பதினஞ்சு பெரிய ஹால் காலியா இருக்கு. இப்பவே எழுதிடலாமா? இலைதானே, நேத்து மாதிரியே? அப்புறம் பார்க்கிங். அன்னிக்கு இன்னொரு விசேஷமும் இருக்கு, முன்கூட்டியே சொல்லணும். உங்க சைடுல எத்தனை வண்டி வரும்?"

"அவங்களைக் கேளுங்க" என்றேன். "கல்யாணம் அவங்களோடது."

மது லேசாகச் சிரித்தாள். "அதெல்லாம் அம்மாதான் பாப்பாங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

"எத்தனை வண்டிம்மா?"

வேலூரிலிருந்து ஒன்பது. ஆரணியிலிருந்து நான்கு. பெங்களூரிலிருந்து ஒரு வேன். காலையில் பல் துலக்கும்போதே என்னையறியாமல் எண்ணிவிட்டிருந்தேன்.

பிரதீபன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். தன்ராஜ் வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்திருந்தான். நான் கைப்பையை எடுத்துக்கொண்டேன். மது இன்னொரு முறை கேட்டாள். நான் சொல்லவில்லை.